தேத்தண்ணி கேட்ட தீநிரல்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தையே அழித்துவிடக்கூடிய ஒரு பேராபத்து, புத்தூரில் தம்பிராசா வீட்டு விறாந்தையில் பல வருடங்களாகக் குடியிருந்தது. அது பேராபத்து என்று தம்பிராசாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வெங்காயமும் பீற்றூட்டும், தண்ணி இறைக்கிற மெசினின் குணம் குறைகளும்தான். அவருடைய மனைவி பாலேஸ்வரிக்கும் தெரியாது. பாவம், அவள் தினமும் விடியற்காலையில் அந்தப் பேராபத்தைத் தன் கையாலேயே எழுப்பி, அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மாட்டுக்கு வைக்கோல் போடப் போவாள்.

அதை உண்டாக்கியவன் அவர்களுடைய மகன் கஜீபன். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் டவுணில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பெடியன். வீட்டில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தாய்க்காரி தன்னுடையதை அடுப்புக்கரையில் ஆறவிட்டு மறந்துபோவாள் என்பது அவனுக்குப் பெரிய மனக்குறை. அவளுக்கோ கனடாவிலிருந்து மகள் தாரிகா அனுப்புகிற படங்களைக் கணினியில் பார்க்கிற ஆசை. பெடியன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். கணினியைப் போட்டதும் முதலில் அவனுடைய குரல் கேட்கும்: "அம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று 'ஓம்'. மற்றது 'இன்னும் இல்லை'. இன்னும் இல்லை என்று அழுத்தினால், "முதல்லை குடியுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று சொல்லித் திரையைப் பூட்டிவிடுவான். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்பான். ஓம் என்று அழுத்தினால், "கெட்டிக்கார அம்மா. போட்டு வாறன்" என்று திறந்துவிடுவான். அவன் கதைத்துப் பதிந்தபோது குசினிக்குள்ளிருந்து தாய் போட்ட சத்தமும் அதில் விழுந்துவிட்டது. "ஆரோடையடா கதைக்கிறாய்?" என்று பின்னால் மெல்லக் கேட்கும்.

அந்த வருடமே ஒருநாள், வகுப்புக்குப் போட்டு வாறன் என்று சைக்கிளில் போனவன் வரவில்லை. போறன் என்று அவன் சொல்லவில்லை, போட்டு வாறன் என்றுதான் சொன்னான் என்று பாலேஸ்வரி அவனைத் தேடிப் போன எந்தக் கந்தோரிலும் எந்தக் கண்ணாடிக்கு முன்னாலும் மறக்காமல் சொல்வாள். கடைசியில், மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் எடுக்கவில்லை. விடிய எழும்பினதும் தேத்தண்ணி குடித்தாயோ என்று கேட்கிற பிள்ளைக்கு எந்தத் தாய் மரணச் சான்றிதழ் எடுப்பாள்? குடித்திருந்தாலும் அவள் முதலில் 'இன்னும் இல்லை' என்றுதான் அழுத்துவாள். அப்போதுதானே அவன் இன்னும் நாலு சொல் கதைப்பான்.

பழைய கணினி செத்தபோது, தம்பிராசாவின் தங்கை மகள் கீர்த்திகா அவனைத் தாரிகா அனுப்பிய மடிக்கணினிக்கு மாற்றிக் கொடுத்தாள். கீர்த்திகா பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள். ஒரு பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தக் குரலைக் கைபேசியில் பதிந்து வைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டோடு இருக்கிற பிள்ளையின் குரலை யார் பதிந்து வைப்பார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் கோட்டைக்காவல் வந்து சேர்ந்தது.

கோட்டைக்காவல் என்பது ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள். அதன் வடபிராந்தியக் கிளை 'வைரஸ் அற்ற வலிகாமம்' என்று ஓர் இயக்கம் தொடங்கி, உரும்பிராயில் ஒரு மண்டபத்தில் விழா வைத்தது. இலவசம் என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் தம்பிராசாவும் போனார். மங்கள விளக்கில் திரிக்குப் பதிலாகச் சின்ன மின்குமிழ்கள் எரிந்தன. கணினிக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாதாம். உலகெங்கும் அழிந்துபோன கோப்புகளுக்காக எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி மௌன அஞ்சலி செலுத்த வைத்தார்கள். ஆசியுரை, வரவேற்புரை, தொடக்கவுரை என்று எல்லாம் முடிந்து, சனம் வடைத்தட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் பிராந்திய முகாமையாளர் சிவரூபன் தலைமையுரைக்கு எழுந்தார்.

"அன்பார்ந்த மக்களே, உங்களுக்கு ஆபத்து இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் நிம்மதியாக உறங்குகிறீர்கள். அந்த நிம்மதியைப் போக்குவதே எமது சேவை. பயந்த வாடிக்கையாளரே பாதுகாப்பான வாடிக்கையாளர். எவரையும் நம்பாதீர், எம்மை நம்புவீர்."

கைதட்டினார்கள். தம்பிராசாவும் தட்டினார். பயப்படுவதற்கு இவ்வளவு செலவழித்துச் சொல்லித்தர வேண்டுமோ, எங்கடை சனத்துக்கு அது தானாய் வருமே என்று மட்டும் அவருக்குள் ஓடியது.

அடுத்த கிழமை நிறுவனத்து ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். மடிக்கணினியில் மென்பொருளை ஏற்றினார்கள். வாசல் படலையில் 'இவ்வீடு காக்கப்படுகிறது' என்று ஒரு ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். கணினியே இல்லாத வீட்டுப் படலைகளிலும் ஒட்டினார்கள், எண்ணிக்கை காட்ட வேண்டுமாம். பக்கத்து வீட்டில் படலை உக்கிப்போய்க் கிடந்ததால் மாட்டுக்கொட்டிலில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த மாடும் அன்றிலிருந்து காக்கப்பட்டது.

காவல் வந்தபிறகு மடிக்கணினி திறப்பதற்குப் பிட்டு அவிகிற நேரம் பிடித்தது. ஒருநாள் விடிய பாலேஸ்வரி அதைப் போட்டுவிட்டு, திறக்கட்டும் என்று குசினிக்குள் போனாள். விறாந்தையால் போன தம்பிராசா எட்டிப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கேடயம். கீழே நல்ல தமிழில் ஒரு கேள்வி: 'இதனை உருவாக்கியவரை நீங்கள் அறிவீர்களா?'

தம்பிராசாவின் வயதுக்காரருக்கு அது புதுக் கேள்வி இல்லை. துப்பாக்கியோடு நின்றவர்கள் பஸ்ஸால் இறக்கிச் சந்தியில் வரிசையாக நிற்க வைத்துக் கேட்ட கேள்வி. வீட்டுக்குள் வந்து படத்தை நீட்டிக் கேட்ட கேள்வி. உவனைத் தெரியுமோ? அதற்கு ஆளை உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிற விடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சிவப்பைக் கண்டதும் நெஞ்சு யோசிக்க முதல் விரல் யோசித்துவிட்டது. அவர் 'அறியேன்' என்பதை அழுத்தினார்.

ஆபத்து அகற்றப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. தம்பிராசாவுக்கும் ஒரு ஆறுதல்தான், என்னவோ ஒன்றிலிருந்து தப்பிய மாதிரி. பாலேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து கதிரையில் இருந்தாள். இருந்துகொண்டே இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இவன் ஏன் கதைக்கேல்லை?"

அப்போதுதான் தம்பிராசாவுக்கு யாரைத் தெரியாது என்று சொன்னோம் என்பது விளங்கியது. மெசின் களைத்துப்போச்சுப் போலை, கீர்த்திகாவைக் கூப்பிட்டுக் காட்டுவம் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய், வெங்காயத்துக்குள் குந்தியிருந்து அழுதார்.

கீர்த்திகா அன்றைக்குப் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு வந்தாள். இதென்ன பெரிய வேலை, என்னட்டை இருக்கிறதை ஏத்திவிடுறன் என்று பென் டிரைவைக் குத்தினாள். குத்தியதுதான் தாமதம், கோட்டைக்காவல் அதையும் துழாவி, அதிலிருந்த கஜீபனையும் பிடித்து, 'உங்கள் பென் டிரைவ் சுத்தம் செய்யப்பட்டது' என்று சொல்லிற்று. கீர்த்திகாவின் முகம் வெளிறிப்போனது. கணினி படிப்பிக்கிற தனக்கு அது முதலே தோன்றவில்லையே என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு மாமி காதில் விழாமல் மெதுவாகச் சொன்னாள். "மாமா, உது தேவையே இல்லை. விண்டோஸோடையே ஒரு காவல் வருகுது. அதை நேரத்துக்கு நேரம் புதுப்பிக்க விட்டு, கண்டதையும் திறக்காமல் இருந்தால் வீட்டுப் பாவிப்புக்கு அதுவே காணும். அது இவ்வளவு காலமும் மச்சானை ஒண்டும் செய்யேல்லைத்தானே."

"அப்ப இதைக் கழட்டி எறி, பிள்ளை."

"கழட்டினால், உள்ளை பிடிச்சு வைச்சிருக்கிற ஆளும் சேர்ந்து போயிடுவான்."

அந்தக் காவலுக்குள் ஒரு தனிமை அறை இருக்கிறதாம். பென் டிரைவில் இருந்தவனை அது அழித்துவிட்டது. மடிக்கணினியில் இருந்தவன் அந்த அறைக்குள் இருக்கிறான். சாதாரணமாக ஒரு பொத்தானை அழுத்தி வெளியே எடுக்கலாம். ஆனால் உரிமையாளரே அறியேன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டபடியால், கிளையின் அனுமதி இல்லாமல் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. யார் மாமா அப்பிடி அழுத்தினது என்று கீர்த்திகா கேட்டாள். தம்பிராசா மாட்டுக்குத் தண்ணி வைக்க எழும்பிப் போனார்.

கிளை, டவுணில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தது. வாசலில் காவலாளி தம்பிராசாவின் கைகளில் கிருமிநாசினி ஊற்றினார். கணினி வைரஸ் கையால் தொற்றுமோ என்று தம்பிராசா கேட்டார். தொற்றாது, ஆனால் மேலிடத்து உத்தரவு என்றார் காவலாளி. அதற்குப் பிறகு, உள்ளே போகிறவர் ஒரு இரகசியச் சொல் பதியவேண்டும், வெளியே வரும்போது அதே சொல்லைச் சொன்னால்தான் விடுவோம் என்றார். தம்பிராசா கஜீபன் என்றார். காவலாளி தன் பெட்டியைப் பார்த்துவிட்டு, அது பலவீனமான சொல், ஏற்காது, இன்னும் பலமாக ஏதும் சொல்லுங்கோ என்றார். தம்பிராசாவுக்கு அதைவிடப் பலமாக ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தண்ணி இறைக்கிற மெசினின் பெயரையும் இலக்கத்தையும் சொல்லி உள்ளே போனார். உள்ளே சுவரோரம் ஒரு நீள வாங்கில் சில பேர் சோர்ந்துபோய் இருந்தார்கள். அவர்கள் சொல்லை மறந்தவர்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளையின் சட்டையில் நிவேதனா என்று பெயர் குத்தியிருந்தது. அவள் நல்ல மரியாதையான பிள்ளை. திரையைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வைரஸுக்கு அவர்கள் வைத்த செந்தமிழ்ப் பெயர் தீநிரல்.

"பெயர், அம்மா. வகை, பணயம் பறிக்கும் தீநிரல். நடத்தை, விடியற்காலையில் வீட்டுப் பெண்ணை விசாரித்தல், இணங்காவிடில் திரையைப் பூட்டுதல். கோரும் பணயம், தேத்தண்ணி. கூட்டாளி, பெண் குரல் ஒன்று, அடையாளம் தெரியாது, தேடப்படுகிறது."

"அது என்ரை மனுசி, பிள்ளை."

நிவேதனா தலையை நிமிர்த்தி ஐயாவின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு, அடையாளம் காணப்பட்டது என்று தட்டினாள். அன்றிலிருந்து பாலேஸ்வரி மடிக்கணினியில் தாரிகாவோடு கதைக்க வாயைத் திறந்தால், சந்தேகத்துக்குரிய குரல் என்று கோட்டைக்காவல் துண்டித்துவிடும்.

கோப்பு சுகமாக இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை, தனிமை அறையில் கவனமாக வைத்திருக்கிறோம் என்றும் நிவேதனா சொன்னாள். இதே சொற்களை, இதே மாதிரி ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, இதே மரியாதையோடு வேறு ஒருவர் சொல்லத் தம்பிராசா முன்பு கேட்டிருக்கிறார். ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டார். பார்க்க முடியாதாம். வெளியே எடுக்க என்ன வழி என்று கேட்டார். வழி மிகச் சுலபமாம். கோப்பில் செய்தவரின் ஒப்பம் இல்லை. செய்தவர் நேரில் வந்து ஒப்பமிட்டால் அன்றைக்கே விடுவிப்பார்களாம்.

"அவர் வர ஏலாது, பிள்ளை."

"வெளிநாடோ ஐயா?"

"தெரியாது," என்றார்.

நிவேதனாவின் முகம் மாறியது. அவளும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. ஆனால் திரையில் தெரியாது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டே இரண்டுதான். அப்ப மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ ஐயா என்றாள். கொண்டுவந்தால் விடுவீங்களோ என்று தம்பிராசா கேட்டார். அதில்தான் ஒரு சிக்கலாம். செய்தவர் இறந்தவர் என்றால் கோப்பு அநாதைக் கோப்பு ஆகிவிடும். அநாதைக் கோப்புகளை அழிப்பது விதி.

முகாமையாளரைப் பார்க்கவேண்டும் என்று தம்பிராசா அடம்பிடித்து நின்றார். சிவரூபன் அவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதிரை கொடுத்து, பால் விடாத பிளேன்ரீயும் வரவழைத்தார். மேடையில் செந்தமிழ் பேசிய மனிதர் மேசைக்கு முன்னால் எங்களைப்போலத்தான் கதைத்தார்.

"ஐயா, உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுறன். வலிகாமம் முழுக்க வலைவீசித் தேடினம். ஒரு வைரஸும் கிடைக்கேல்லை. வைரஸ் இல்லாத இடத்திலை கிளை எதுக்கு எண்டு மேலிடம் கேட்கத் தொடங்கியிட்டுது. அந்த நேரத்திலைதான் உங்கடை கோப்பு வந்து அம்பிட்டுது. கடவுளாய்ப் பாத்து அனுப்பினது ஐயா. உங்கடை கோப்பாலை இங்கை எத்தினை குடும்பம் அடுப்பு மூட்டுது தெரியுமோ?"

"அது வைரஸ் இல்லை, சேர். பிள்ளை தாயை விசாரிக்கிறான்."

"அது எங்களுக்கும் விளங்கினது. அதுதான் இன்னும் ஆபத்து. பாசமாய்க் கதைச்சால் சனம் நம்பும். சனம் ஒருத்தரை ஒருத்தர் நம்பத் தொடங்கினால் எங்களை ஏன் தேடப்போகினம்?"

தம்பிராசா பிளேன்ரீயைத் தொடவில்லை. சிவரூபன் கொஞ்சம் இரங்கி, ஒரு வழி இருக்கிறது என்றார். இயக்கத்தின் வெற்றிவிழா வரப்போகிறது. பிரதம விருந்தினர் பெரிய மனிதர். அவர் மனம் வைத்தால் மன்னித்து விடுவிப்பார். மடிக்கணினியையும் கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று முன்வரிசையில் இடம் தருகிறோம்.

அன்று வீட்டில் தம்பிராசா எல்லாவற்றையும் பாலேஸ்வரிக்குச் சொன்னார். தன் விரல் அழுத்தியதை மட்டும் விழுங்கிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மரணச் சான்றிதழ் என்ற இடத்தில் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"தேத்தண்ணி குடிச்சியோ எண்டு கேட்டதுக்கோ உவையளும் அதைக் கேக்கினம்?"

ஆனாலும் விழாவுக்குப் போவோம் என்றாள். இதைவிடப் பெரிய கதவுகளுக்கு முன்னால் எல்லாம் போய் நின்றவள்தானே.

வெற்றிவிழாவுக்கு அதே மண்டபம், அதே மின்குமிழ் விளக்கு. பாலேஸ்வரி நல்ல சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்திருந்தாள். மேடையில் கறுப்புத் துணி போட்ட மேசையில் அவர்களுடைய மடிக்கணினி இருந்தது. பின்னால் பெரிய திரை. சுற்றிவர மஞ்சள் கயிறு கட்டி, குழந்தைகளை முன்னுக்கு விடவேண்டாம் என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்துச் சூரன்போருக்குச் சூரன் வரப்போகிற மாதிரிச் சனம் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தது.

சிவரூபன் ஒலிவாங்கியைப் பிடித்தார். வலிகாமத்தின் ஒரேயொரு தீநிரலை, அழிப்பதற்கு முன்னர், அதன் கொடூரத்தை மக்கள் நேரில் காணும்பொருட்டு, ஒருமுறை அவிழ்த்துவிடப் போகிறோம் என்றார். அழிப்பதற்கு முன்னர் என்ற சொல் தம்பிராசாவின் காதில் விழுந்தது. பாலேஸ்வரியின் காதில் விழவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தின் அத்தனை ஒலிபெருக்கிகளிலிருந்தும் கஜீபன் கேட்டான். "அம்மா, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" அதற்குப் பின்னால், வயது குறைந்த பாலேஸ்வரி குசினிக்குள்ளிருந்து, ஆரோடையடா கதைக்கிறாய் என்றாள்.

மண்டபத்தில் இருந்த அம்மாமார் சிலர் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவரூபன் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். பாருங்கள், இணங்காவிட்டால் என்ன செய்கிறது என்று சொல்லி, உற்சாகமாக 'இன்னும் இல்லை' என்பதை அழுத்தினார்.

"முதல்லை குடியுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

திரை பூட்டிக்கொண்டது. அழிக்கிற பொத்தானும் அதற்குப் பின்னால் போய்விட்டது. நிறுவனத்துப் பொறியியலாளர்கள் ஓடிவந்து எல்லா விசைகளையும் தட்டினார்கள். தட்டத் தட்ட அவன் நின்றான். பிரதம விருந்தினருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. அவர் எந்தத் துறையில் ஓய்வு பெற்றவர் என்று ஒருவருக்கும் நினைவில்லை, ஆனால் நன்றாக ஓய்வு பெற்றவர். கடைசியில் சிவரூபன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, இதைத் திறக்கிற வழி உங்களுக்குத்தான் தெரியும், அம்மா ஒருக்கால் மேடைக்கு வரமுடியுமோ என்று கேட்டார்.

அவள் படியேறி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கழிந்து அவன் மறுபடி கேட்டான். தம்பிராசாவுக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. அவள் 'இன்னும் இல்லை' என்று அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் ஒருவராலும் அவனை அழிக்க முடியாது. அவர் மஞ்சள் கயிற்றைத் தாண்டி ஓடினார்.

"இஞ்சேர், ஓம் எண்டு சொல்லாதை. இன்னும் இல்லை எண்டு அழுத்து."

பாலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இவ்வளவு நாளும் பூட்டி வைச்சிருந்தவங்கள். பாவம், இத்தினை சனத்துக்கு முன்னாலை நிண்டு கேக்கிறான். விளையாடுற நேரமோ?" என்று சொல்லிவிட்டு, 'ஓம்' என்பதை அழுத்தினாள்.

"கெட்டிக்கார அம்மா. போட்டு வாறன்."

திரை திறந்தது. பொறியியலாளர்கள் தீநிரலை வென்றுவிட்டதாக அறிவிப்பாளர் அறிவித்தார். பிரதம விருந்தினர் எழுந்து வந்தார். பாலேஸ்வரி கைகூப்பி, ஐயா இவனை விட்டுவிடச் சொல்லுங்கோ என்றாள். அவர் அன்பாக அவள் தோளைத் தொட்டார்.

"அம்மா, எனக்கு விடுவிக்கிற அதிகாரம் தரேல்லை. அழுத்துற அதிகாரம் மட்டும்தான் தந்தவை."

அழுத்தினார். மேளமும் நாதஸ்வரமும் எழும்பின. பாலேஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதைக் கழற்றவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. படியால் இறங்கும்போது அது தானாக நழுவி விழுந்தது. அதற்குள்ளும் யாரோ படம் எடுத்தார்கள்.

அந்த விழாவுக்காகக் கிளைக்கு விருது கிடைத்தது. சில கிழமைகளின் பின் மடிக்கணினித் திரையில் ஒரு அறிவித்தல் வந்தது. மறுபரிசீலனையில் 'அம்மா' என்ற கோப்பு தீங்கற்றது எனக் கண்டறியப்பட்டுள்ளதாம். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம்.

அன்றைக்குத் தம்பிராசா கீர்த்திகாவைக் கூப்பிட்டார். இனி உள்ளே யாரும் இல்லைத்தானே, கழட்டு என்றார். கழற்றுவது ஒரு பெரிய வேலையாக இருக்கவில்லை. உங்கள் கணினி பாதுகாப்பை இழக்கப்போகிறது என்று அது ஒருமுறைக்கு இருமுறை மிரட்டியது. கடைசியில், பிரிந்து செல்வதற்கான காரணத்தை எழுதச் சொல்லி ஒரு பெட்டி வந்தது. கீர்த்திகா அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள். தம்பிராசா விடவில்லை.

"எழுது பிள்ளை. கஜீபன் எண்டு எழுது. அவனை எனக்குத் தெரியும் எண்டு எழுது."

கதவடியில் நின்ற பாலேஸ்வரி அதைக் கேட்டாள். அவரை நெடுநேரம் பார்த்தாள். கீர்த்திகா எழுதி அனுப்பினாள். உங்கள் கருத்து எமக்கு முக்கியமானது என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்காவல் போனது. மடிக்கணினி பழையபடி சுறுக்காகத் திறக்கத் தொடங்கியது. திறந்து, சும்மா இருந்தது.

அடுத்தநாள் விடிய, தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாலேஸ்வரி அதன் முன்னால் இருந்தாள். தோட்டத்துக்குப் போக மண்வெட்டியை எடுத்த தம்பிராசா விறாந்தையில் நின்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அவளிடம் அதைக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டியோ?" என்றார்.

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, "இன்னும் இல்லை," என்றாள்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.